கோடுகள் உரசினால் கடைகள் சமமா?

கேள்வி: எம்.பி.ஏ. கடைசி வருடம் படிக்கிறேன். அண்ணாச்சி கடை, சூப்பர் மார்க்கெட், உழவர் சந்தை மூன்றுக்கும் 50 பேரிடம் 1 முதல் 5 வரை மதிப்பெண் வாங்கினேன். 'விலை நியாயமாக இருக்கிறது' என்ற வரிக்கு அண்ணாச்சி கடையின் சராசரி 4.0, சூப்பர் மார்க்கெட்டுக்கு 3.6. இரண்டுக்கும் திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 0.9. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான சராசரி இருக்கலாம் என்று கணிக்கும் எல்லை) 3.74–4.26, 3.34–3.86 என்று வருகிறது. இடைவெளிகளைக் கோடுகளாக வரைந்த படத்தில் இரண்டு கோடும் உரசுவதால் 'வித்தியாசம் இல்லை' என்று எழுதச் சொல்கிறார் கைடு. எழுதலாமா?
- வாசகி, விருதுநகர்

பதில்: எழுதாதீர்கள். கைடு செய்வது நிறையப் பேர் செய்யும் தப்பு. இடைவெளிகள் உரசவே இல்லை என்றால் வித்தியாசம் இருக்கிறது என்று தைரியமாகச் சொல்லலாம், ஆனால் உரசினால் வித்தியாசம் இல்லை என்று அர்த்தமாகாது. நீங்கள் தெரிந்துகொள்ள நினைப்பது எந்தக் கடை எவ்வளவு வாங்கியது என்பதையா, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதையா? தூரம்தான் என்றால் அந்தத் தூரத்துக்கே ஓர் இடைவெளி போட வேண்டும்.

ஒவ்வொரு சராசரிக்கும் திட்டப் பிழை, அதாவது வேறு ஆட்களிடம் கேட்டால் சராசரி எவ்வளவு ஆடும் என்ற அளவு, ஏறத்தாழ 0.13. வித்தியாசத்தின் திட்டப் பிழை இரண்டையும் கூட்டி 0.26 ஆகிவிடாது, வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.18தான். ஒரு கடையின் சராசரி தற்செயலாகக் கீழ்க்கோடிக்கு இறங்குவதும் அதே நேரம் மற்றது மேல்கோடிக்கு ஏறுவதும் சேர்ந்து நடப்பது அபூர்வம் இல்லையா, அதனால்தான். ஆக 0.4 வித்தியாசத்துக்கு இடைவெளி 0.04 முதல் 0.76 வரை. பூஜ்யம், அதாவது வித்தியாசமே இல்லை என்பது, உள்ளே இல்லை. கோடுகள் உரசியும் வித்தியாசம் இருக்கிறது!

அதுவும் இது வேறு வேறு ஆட்களிடம் கேட்டிருந்தால் போடும் கணக்கு. நீங்கள் கேட்டது அதே 50 பேரிடம். சிலர் எந்தக் கடைக்கும் 5 போட மாட்டார்கள், கை அப்படி. சிலர் இரண்டு கையிலும் பையை வைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்த்தபடியே எல்லாவற்றுக்கும் 4 என்பார்கள். இந்த ஆளுக்கு ஆள் மாறும் குணம் கழித்தால் போய்விடும். அதனால் எக்செல்லில் இன்னொரு பத்தி போட்டு, ஆள்வாரியாக அண்ணாச்சி கடை மதிப்பெண்ணிலிருந்து சூப்பர் மார்க்கெட்டைக் கழியுங்கள், அந்த 50 எண்களுக்கு மட்டும் சராசரியும் திட்ட விலக்கமும் பாருங்கள். விலக்கம் 1.0 என்று வந்தால் இடைவெளி 0.12 முதல் 0.68. இன்னும் இறுக்கம்.

மூன்று கடை என்பதால் மூன்று ஜோடி. மூன்று முறை சீட்டு எடுத்தால் தப்பாக ஒன்று விழ வாய்ப்பு கூடத்தானே செய்யும்? மிச்சமிருக்கும் 5 சதவீதத்தை மூன்றாகப் பங்கு போட்டு, ஒவ்வொரு ஜோடிக்கும் 98.3 சதவீத இடைவெளி போடுங்கள். போன்ஃபெரோனி முறை என்று ரிப்போர்ட்டில் எழுதினால் கைடும் வாயைத் திறக்க மாட்டார். மேலே சொன்ன ஜோடிக்கு அப்போதும் 0.05 முதல் 0.75, தப்பிவிட்டது.

இன்னொன்று, 3.74–4.26 என்றால் '95 சதவீத வாடிக்கையாளர்கள் இதற்குள் மதிப்பெண் போட்டார்கள்' என்று எழுதிவிடாதீர்கள். புள்ளியியலாளர் நெய்மன் 1937இல் விளக்கியபடி, இதே மாதிரி கணக்கெடுப்பைத் திரும்பத் திரும்பச் செய்தால் கிடைக்கும் இடைவெளிகளில் 95 சதவீதம் உண்மையான சராசரியைப் பிடித்துவிடும், அவ்வளவுதான்.

அப்புறம், அந்த 50 பேரை எங்கே பிடித்தீர்கள்? சூப்பர் மார்க்கெட் வாசலில் என்றால், அங்கே விலை அதிகம் என்று வராமலே போனவர்கள் உங்கள் தாளில் இல்லை. எந்த இடைவெளியும் அவர்களைக் கூட்டி வராது. இதை ரிப்போர்ட்டிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மளிகைக் கடை வைத்திருக்கிறேன். நானே ஒரு பத்துப் பேரிடம் கேட்டுக்கொண்டால் போதாதா?
- வாசகர், தென்காசி

பதில்: மேலே உள்ள அதே 4.0 சராசரி, 0.9 விலக்கம் பத்துப் பேரிடம் வந்தால் இடைவெளி 3.36 முதல் 4.64 வரை நீளும். சுமாரும் உண்டு, சூப்பரும் உண்டு, உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதைப் பாதியாகக் குறைக்க 20 பேர் பத்தாது, கிட்டத்தட்ட 33 பேர் வேண்டும். பத்துப் பேர் மாதிரிச் சின்னக் கூட்டத்துக்குத் திட்டப் பிழையை வழக்கமான 1.96க்குப் பதில் 2.26ஆல் பெருக்க வேண்டும், இந்த எண்கள் இருக்கும் அட்டவணைக்கு வழி காட்டியவர் 1908இல் அயர்லாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்த காசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதினார். சரி, எண்ணிக்கையை விடுங்கள், கல்லாவில் உட்கார்ந்துகொண்டு நீங்களே கேட்காதீர்கள். பற்று நோட்டில் பேர் இருக்கிறவர் உங்கள் முகத்துக்கு நேரே 2 போடுவாரா?