விண்டோஸ் நிறுவும்போது ஒரே கேள்வி இருமுறை வராதிருக்க

கேள்வி: முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலையொன்றின் கணினிக் கூடத்துக்குப் பொறுப்பான ஆசிரியை நான். இருபது கணினிகளில் பென் டிரைவ் மூலம் விண்டோஸ் 11 நிறுவுகிறேன். தொடக்கத்தில் மொழியையும் விசைப்பலகையையும் தெரிவு செய்தும், கணினி மீள ஆரம்பித்த பின் நாட்டையும் விசைப்பலகையையும் மறுபடி கேட்கிறது. இரண்டு கணினிகளிலோ முதல் திரையே திரும்ப வந்தது. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கேள்விக்குள் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. எளியதை முதலில் பார்ப்போம். கணினி எதிலிருந்து இயங்கத் தொடங்க வேண்டும் என்ற வரிசையை வைத்திருக்கும் பயோஸ் என்னும் அடிப்படை அமைப்பில் பென் டிரைவை நிரந்தரமாக முதலிடத்தில் வைத்திருந்தால், கணினி மீள ஆரம்பிக்கும்போது வன்தட்டை விட்டுவிட்டு மறுபடியும் பென் டிரைவையே நாடும். முதல் திரை திரும்ப வருவது அதனால்தான். அந்த வரிசையில் கைவைக்காமல், கணினியை இயக்கியவுடன் எஃப்12 அல்லது எஃப்9 போன்ற, அந்தந்த மாடலுக்குரிய விசையை அழுத்தி, அந்த ஒரு தடவைக்கு மட்டும் பென் டிரைவைத் தெரிவு செய்யுங்கள். கோப்புகள் வன்தட்டில் சேர்ந்து, முதன்முறையாகத் திரை அணையும் வேளையில் பென் டிரைவைக் கழற்றிவிடலாம். தவறி முதல் திரை வந்துவிட்டால் தொடர்ந்து அழுத்திச் செல்ல வேண்டாம். கணினியை அணைத்து, பென் டிரைவைக் கழற்றி, மீண்டும் இயக்கினால் விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும்.

மற்றைய சிக்கலுக்குக் காரணம், இந்நிறுவல் இரண்டு கட்டங்களாக நடப்பதே. முதற்கட்டம் பென் டிரைவிலுள்ள விண்டோஸ் பிஈ என்னும் சிறு இயங்குதளத்தில் நிகழ்கிறது. அடுத்தது, வன்தட்டில் புதிதாக எழுந்த விண்டோஸ் தன் பயனரை வரவேற்கும் கட்டம். கடையில் வாங்கிய மடிகணினியை முதன்முதலில் திறக்கும்போது வருபவையும் இதே திரைகள்தாம். அங்கே முதற்கட்டத்தைத் தொழிற்சாலையே முடித்துவிடுவதால், வாங்கியவரின் நாட்டையும் விசைப்பலகையையும் வரவேற்புத் திரைதான் கேட்டறிய வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாடே உங்கள் கூடத்திலும் வந்து நிற்கிறது.

இதைத் தவிர்க்க, ஆட்டோஅனட்டெண்ட் என்னும் பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை (குறிச்சொற்களிட்டு எழுதும் எழுத்துக் கோப்பு), எந்தக் கோப்புறைக்குள்ளும் வைக்காமல், பென் டிரைவில் நேரடியாக இட்டு, பதில்களை அதில் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். பலரும் தவறுவது இங்கேதான்: அக்கோப்பின் விண்டோஸ் பிஈ பகுதியில் மட்டும் மொழியை எழுதிவிட்டு, வரவேற்புக் கட்டத்துக்குரிய ஓஓபிஈ சிஸ்டம் பகுதியை வெறுமையாக விடுகிறார்கள். இரு பகுதிகளிலும் எழுத வேண்டும். நிறுவல் மென்பொருள் அக்கோப்பை வன்தட்டின் பாந்தர் கோப்புறைக்குப் பிரதி செய்துகொள்வதால், பென் டிரைவைக் கழற்றிய பின்னும் பதில்கள் எட்டும்.

கையால் எழுதத் தயக்கமாயின் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென் டிரைவைத் தயாரியுங்கள். தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் வரும் பெட்டியில், பிராந்திய அமைப்புகளை இந்தப் பயனருடையதைப் போலவே வைக்கும் தெரிவு உண்டு. அதை இட்டால் மொழிக் கேள்வி முதற்கட்டத்தில் ஒரு தடவை வருவதோடு சரி. ஆனால், ரூஃபஸ் ஓடும் கணினியின் அமைப்புகளே எல்லாவற்றுக்கும் போகும். வவுனியாவில் ஒரு கூடத்துக்காக இவ்வாறு தயாரித்தபோது, என் மடிகணினியில் நாடு அமெரிக்கா என்றிருந்ததை நான் கவனிக்கவில்லை; பன்னிரண்டு கணினிகளும் திகதியில் மாதத்தை முன்னே காட்டின, ஒவ்வொன்றாகத் திருத்துவதில் ஒரு மாலைப்பொழுது போயிற்று. ஆகவே நாடு, நேர வலயம், திகதி வடிவம் மூன்றும் இலங்கைக்குரியனவா என்று முதலில் பாருங்கள்.

இரண்டாவது விசைப்பலகை வேண்டுமா என்ற திரையும் இவ்விரு வழிகளிலும் மறைந்துவிடும். தமிழில் தட்டச்சுப் பழகும் மாணவருக்கு அது வேண்டிய திரை. கோப்பைக் கையால் எழுதுவோர் இரு விசைப்பலகைகளின் குறியீடுகளையும் அரைப்புள்ளியிட்டு ஒரே வரியில் தரலாம்; ரூஃபஸ் வழியில் செல்வோர் தமிழைப் பின்னர் அமைப்புகளில் சேர்த்துக்கொள்வது நல்லது.

வன்தட்டைத் தானாகவே அழிக்கும் கட்டளையை மட்டும் அக்கோப்பில் எழுதாதீர்கள். அந்தப் பென் டிரைவிலிருந்து யாரேனும் அறியாமல் அலுவலகக் கணினியை இயக்கினால், மாணவர் பதிவுகள் ஒரு கேள்வியும் கேட்கப்படாமலே போய்விடும். வன்தட்டைத் தெரிவு செய்யும் திரை இருபது தடவை வந்தாலும் வரட்டும்.