கார்டில் வரும் டிப்ஸ் யார் கணக்கில் ஏற வேண்டும்?

வாடிக்கையாளர் கையில் பணமாகக் கொடுக்கும் டிப்ஸ் பெரும்பாலும் கடையின் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. அதையே அவர் பில் தொகையோடு சேர்த்துக் கார்டில் கொடுத்தால், அது கடையின் வங்கிக் கணக்கில் வந்து சேர்கிறது; விற்பனையா, செலவா, கடனா என்ற குழப்பமும் கூடவே வருகிறது. உணவகம், சலூன் போன்ற சிறு தொழில்களை நடத்துவோரும் அவர்களுக்குக் கணக்கு எழுதுவோரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன். எடுத்துக்காட்டில் வரும் தொகைகளை எந்த நாணயத்திலும் வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கார்டில் வரும் முழுத் தொகையையும் விற்பனையாக எழுதிவிட்டு, ஊழியர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிப்ஸைச் செலவாக எழுதி வருகிறோம். இலாபம் எப்படியும் ஒன்றுதானே, இதில் என்ன தவறு?

பதில்: ஆண்டு முழுவதற்குமாகப் பார்த்தால் இலாபம் ஏறத்தாழ ஒன்றாகத்தான் வரும். ஆனால் விற்பனைத் தொகை உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். விற்பனையை அடிப்படையாகக் கொண்டு முடிவாகும் எல்லாவற்றையும் அது பாதிக்கும். விற்பனை வரிக்கான வரம்பு, விற்பனையில் இத்தனை சதவீதம் என்று ஒப்பந்தம் செய்துகொண்ட வாடகை, மேலாளருக்கு விற்பனையின் பேரில் தரும் ஊக்கத்தொகை ஆகியவை உங்களுக்குச் சேராத பணத்தின் மீதும் கணக்கிடப்பட்டுவிடும். மாதக் கடைசி நாளில் வந்த டிப்ஸை அடுத்த மாதம் ஐந்தாம் தேதி கொடுத்தால், முதல் மாத இலாபம் பொய்யாக உயர்ந்தும் அடுத்த மாத இலாபம் பொய்யாகக் குறைந்தும் காட்டும்.

மணியார்டர் பணம் தபால்காரரின் பையில் இருப்பதால் அது அவருடைய வருமானம் ஆகிவிடுவதில்லை. கார்டு டிப்ஸுக்கும் கடைக்கும் உள்ள உறவும் அதுதான். எனவே அதை ‘கொடுக்க வேண்டிய டிப்ஸ்’ என்ற பெயரில் நடப்புப் பொறுப்புகளின் (கடை விரைவில் கொடுத்துத் தீர்க்க வேண்டிய தொகைகளின்) கீழ் ஒரு தனிக் கணக்காகத் திறந்து, அதில் எழுத வேண்டும்.

பில் 2,000, வரி 100, டிப்ஸ் 300, ஆக மொத்தம் கார்டில் 2,400 என்று கொள்வோம். அன்றைய பதிவில், கார்டு நிறுவனத்திடமிருந்து வரவேண்டிய தொகையில் 2,400 பற்று (டெபிட்); விற்பனையில் 2,000, செலுத்த வேண்டிய வரியில் 100, கொடுக்க வேண்டிய டிப்ஸில் 300 வரவு (கிரெடிட்). கார்டு கமிஷன் இரண்டு சதவீதம் என்றால், ஓரிரு நாளில் வங்கிக்கு வருவது 2,352. அப்போது வங்கிக் கணக்கில் 2,352, கமிஷன் செலவில் 48 பற்று எழுதி, வரவேண்டிய தொகையில் 2,400 வரவு எழுதினால் அந்தக் கணக்கு தீர்ந்துவிடும். ஊழியருக்குக் கொடுக்கும் நாளில் கொடுக்க வேண்டிய டிப்ஸில் 300 பற்று, ரொக்கத்திலோ வங்கியிலோ 300 வரவு. இந்த மூன்று பதிவுகளிலும் டிப்ஸ் இலாப நட்டக் கணக்கை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: அன்றன்று வந்த கார்டு டிப்ஸை இரவே கல்லாவிலிருந்து எடுத்து ஊழியர்களுக்குக் கொடுத்துவிடுகிறோம். தினமும் கல்லாவில் பணம் குறைகிறது. கேஷியர் மீது சந்தேகம் வருகிறது. எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: கேஷியரைச் சந்தேகிப்பதற்கு முன் கல்லாக் கணக்கின் படிவத்தைப் பாருங்கள், அதில் டிப்ஸுக்கு என்று ஒரு வரி இருக்காது என்றே நினைக்கிறேன். காலையில் கல்லாவில் வைத்த சில்லறை 1,000, நாள் முழுவதும் ரொக்க விற்பனை 5,400, இரவில் கொடுத்த கார்டு டிப்ஸ் 300 என்றால், இருக்க வேண்டியது 6,100. டிப்ஸ் வரி இல்லாத படிவம் 6,400-ஐ எதிர்பார்க்கும். 300 குறைவதாகச் சொல்லும். ஊழியர் பெயர், தேதி, தொகை, கையொப்பம் ஆகியவற்றுடன் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் ஒரு வவுச்சர் எழுதிக் கல்லாவிலேயே போட்டுவிட வேண்டும். இரவு எண்ணும்போது வவுச்சரும் பணமாகவே எண்ணப்படும். கார்டு மெஷின் தரும் நாள் அறிக்கையில் உள்ள டிப்ஸ் தொகையும் வவுச்சர்களின் கூட்டுத்தொகையும் ஒன்றாக இருந்தால் கேஷியர் மீது குற்றமில்லை.

இந்த முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. கார்டுப் பணம் இன்னும் வங்கிக்கு வந்து சேராத நிலையில், கடை தன் ரொக்கத்தை முன்கூட்டியே கொடுக்கிறது. வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் கார்டிலேயே செலுத்தும் கடையில் வார இறுதி இரவுகளில் கல்லா காலியாகிவிடும். அப்படிப்பட்ட இடங்களில் டிப்ஸைச் சம்பளத்தோடு சேர்த்தோ வாரம் ஒருமுறை வங்கி வழியாகவோ கொடுப்பதே நல்லது என்பது என் கருத்து. எவ்வளவு நாள் தள்ளலாம் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம் முடிவு செய்யும். அமெரிக்கக் கூட்டாட்சி விதிப்படி, கார்டு நிறுவனத்திடமிருந்து பணம் வரவில்லை என்ற காரணத்தைக் காட்டி வழக்கமான சம்பள நாளைத் தாண்டி டிப்ஸை நிறுத்தி வைக்க முடியாது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றில் 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், வாடிக்கையாளர் கொடுத்த மாதத்துக்கு அடுத்த மாத இறுதிக்குள் அது ஊழியரைச் சென்றடைய வேண்டும் என்கிறது.

கேள்வி: டிப்ஸ் தொகைக்கும் சேர்த்துத்தான் கார்டு கமிஷன் பிடிக்கிறார்கள். அந்தப் பங்கை ஊழியரிடமிருந்து கழித்துக்கொள்ளலாமா?

பதில்: மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 48 கமிஷனில் 300 டிப்ஸுக்குரிய பங்கு 6. அதைக் கழிக்கலாமா என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், உண்மையில் பிடிக்கப்பட்ட விகிதத்துக்கு மேற்போகாமலும் ஊழியரின் வருமானம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே இறங்காமலும் கழிப்பதை அனுமதிக்கிறது. கலிஃபோர்னியா மாநிலச் சட்டம் அதை அறவே தடுக்கிறது. பிரிட்டனின் புதிய சட்டத்தின் கீழும் கமிஷனைக் கடையே ஏற்க வேண்டும்.

அனுமதி உள்ள இடத்திலும் கழிக்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கார்டின் வகையைப் பொறுத்துக் கமிஷன் விகிதம் மாறும். சரியான பங்கைக் கண்டுபிடிக்கச் செலவாகும் நேரத்தின் மதிப்பு மிச்சமாகும் தொகையைவிட அதிகம்; எல்லாவற்றுக்கும் ஒரே சதவீதம் என்று குத்துமதிப்பாகப் பிடித்தாலோ, உண்மையான கமிஷனுக்கு மேல் பிடித்த குற்றச்சாட்டு வரும். அப்படியும் கழிப்பதாக இருந்தால், கொடுக்க வேண்டிய டிப்ஸில் 300-ஐப் பற்று எழுதி, ரொக்கத்தில் 294-ஐயும் கமிஷன் செலவில் 6-ஐயும் வரவு எழுதுங்கள். 294 மட்டும் பற்று எழுதி மீதியை விட்டுவிட்டால் அந்த ஆறுகள் சேர்ந்து சேர்ந்து கணக்கை ஒருநாளும் தீரவிடாது.

கேள்வி: டிப்ஸைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கிறோம். சம்பளப் பட்டியலில் அது எங்கே வரும்? அதற்கு வரி பிடிக்க வேண்டுமா?

பதில்: இரண்டு கேள்விகளையும் தனித்தனியே பார்க்க வேண்டும். முதலில் கணக்கு. ஒருவரின் மாதச் சம்பளம் 15,000, அவர் பங்குக்கு வந்த கார்டு டிப்ஸ் 3,000 என்றால், பட்டியலில் மொத்தம் 18,000 என்று காட்டினாலும் சம்பளச் செலவில் ஏறுவது 15,000 மட்டுமே. மீதி 3,000 கொடுக்க வேண்டிய டிப்ஸ் கணக்கில் பற்று எழுதப்பட வேண்டும். சம்பள மென்பொருள்களில் புதிய ஊதிய வகை ஒன்றைச் சேர்க்கும்போது, வேறு கணக்கைத் தேர்ந்தெடுக்காவிட்டால் அது பெரும்பாலும் சம்பளச் செலவிலேயே போய் அமரும். அப்படி அமர்ந்தால் செலவு 18,000 ஆகிவிடும், பொறுப்புக் கணக்கில் 3,000 அப்படியே தேங்கும். மென்பொருளில் ‘டிப்ஸ்’ என்ற வகையைத் திறந்து, அது எந்தப் பேரேட்டுக் கணக்குக்குப் போகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை வராது. டிப்ஸை ஏற்கெனவே ரொக்கமாகக் கொடுத்துவிட்டு வரிக்காக மட்டும் பட்டியலில் காட்டுகிறவர்கள், கூட்டிய தொகையை ‘முன்பே கொடுத்தது’ என்று நிகரச் சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டும்; மறந்தால் ஒரே டிப்ஸை இரண்டு முறை கொடுத்ததாகிவிடும்.

வரியைப் பொறுத்தவரை நாடுகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. அமெரிக்காவில் டிப்ஸ் ஊதியமாகவே கொள்ளப்படுகிறது. ஒரு மாதத்தில் 20 டாலர் அல்லது அதற்கு மேல் டிப்ஸ் பெறும் ஊழியர், அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் அதை முதலாளிக்குத் தெரிவிக்க வேண்டும். முதலாளி அதன் மீது வரி பிடிப்பதோடு, சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேருக்குமான தம் பங்காக 7.65 சதவீதத்தைத் தம் கையிலிருந்து செலுத்த வேண்டும். கார்டு கமிஷனைத் தவிர, டிப்ஸ் தொடர்பாகக் கடைக்கு உண்மையிலேயே செலவாகும் தொகை இதுதான். இது இலாப நட்டக் கணக்குக்குப் போகும். 2025 முதல் 2028 வரையிலான ஆண்டுகளுக்கு, தகுதியுள்ள டிப்ஸில் 25,000 டாலர் வரை ஊழியருக்கு வருமான வரிக் கழிவு தரும் சட்டம் வந்த பிறகு, டிப்ஸுக்கு இனி எந்தப் பிடித்தமும் இல்லை என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கழிவு வருமான வரிக்கு மட்டுமே, 7.65 சதவீதம் அப்படியே தொடர்கிறது.

இந்தியாவில் நிலைமை வேறு. ஐ.டி.சி. நிறுவனத்தின் வழக்கில் 2016-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வாடிக்கையாளர் கார்டில் கொடுத்து ஓட்டல் ஊழியர்களுக்குப் பிரித்துத் தரும் டிப்ஸ் சம்பளம் ஆகாது என்றும், ஓட்டல் அந்தப் பணத்தை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருந்து கொடுக்கிறது என்றும் கூறியது. எனவே 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவின்கீழ் முதலாளி அதற்கு வரி பிடிக்க வேண்டிய கடமை இல்லை என்று முடிவானது. ஊழியரோ அதைப் பிற வழி வருமானமாகத் தம் கணக்கில் காட்ட வேண்டும். அந்தத் தீர்ப்பின் பயன் உங்களுக்கும் கிடைக்க வேண்டுமானால், உங்கள் புத்தகமும் அதே கதையைச் சொல்ல வேண்டும். டிப்ஸை விற்பனையில் எழுதிச் சம்பளச் செலவில் கழித்துவிட்டு, அதிகாரியிடம் ‘இது சம்பளம் அல்ல’ என்று வாதாடுவது கடினம்.

கேள்வி: பில்லில் நாங்களே பத்து சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்துவிடுகிறோம். அதுவும் டிப்ஸ்தானே?

பதில்: அல்ல. தொகையை நீங்கள் முடிவு செய்தால் அது கடையின் வருமானம். ஊழியருக்கு அதைக் கொடுத்தால் அது சாதாரண ஊதியச் செலவு. அமெரிக்க வருவாய்த் துறை 2012-இல் வெளியிட்ட விளக்கம், கட்டாயம் இல்லாமை, தொகையை வாடிக்கையாளரே முடிவு செய்தல், பேரம் பேசியோ முதலாளியின் கொள்கையாலோ அது நிர்ணயிக்கப்படாமை, பெறுபவர் யார் என்பதை வாடிக்கையாளர் பொதுவாகத் தீர்மானிக்க முடிதல் என்ற நான்கையும் பார்க்கச் சொல்கிறது. இந்தியாவில் பில்லில் தானாகவே சேவைக் கட்டணத்தைச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது.

கேள்வி: ‘கொடுக்க வேண்டிய டிப்ஸ்’ கணக்கை முறையாகத்தான் எழுதுகிறோம், ஆனாலும் மாதக் கடைசியில் அது பூஜ்யத்துக்கு வருவதில்லை. எங்கே தேடுவது?

பதில்: மாதக் கடைசியில் அது பூஜ்யமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை, கடைசிச் சில நாட்களின் டிப்ஸ் இன்னும் கொடுக்கப்படாமல் இருந்தால் அந்த அளவுக்கு வரவு மீதி இருப்பதே சரி. மீதிக்கு யார் யாருக்கு எவ்வளவு என்று பெயர் சொல்ல முடிகிறதா என்பதே சோதனை.

பெயர் சொல்ல முடியவில்லை என்றால், முதலில் பாருங்கள்: பில் தொகைக்கு மட்டும் கார்டைத் தேய்த்துவிட்டு, வாடிக்கையாளர் சீட்டில் எழுதிய டிப்ஸை ஊழியர் பின்னால் சேர்க்கும் முறை உங்களிடம் உண்டா? உண்டென்றால், அன்றைய கார்டுப் பரிவர்த்தனைகளின் தொகுப்பை மெஷின் முடித்து அனுப்பிய பிறகு சேர்க்க முயன்ற டிப்ஸ் வசூலாகியே இருக்காது. ஆனால் சீட்டைப் பார்த்து ஊழியருக்குக் கொடுத்திருப்பீர்கள். இதனால் கணக்கு பற்று மீதிக்குப் போகும். கடையின் பணம் டிப்ஸாக வெளியே போயிருக்கிறது என்று அதற்குப் பொருள். அடுத்து, வேலையை விட்டுப் போனவர்களின் வாங்கப்படாத பங்கு இருக்கிறதா என்று பாருங்கள். அதை ஆண்டு முடிவில் ‘இதர வருமானம்’ என்று மாற்றி எழுதும் வழக்கம் பல கடைகளில் உண்டு, அது தவறு. அவரைத் தேடிக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் உங்கள் ஊரில் கோரப்படாத ஊதியத்துக்கு என்ன விதியோ அதைப் பின்பற்ற வேண்டும்.

கேள்வி: கார்டு நிறுவனம் தரும் ஆண்டு அறிக்கையில் உள்ள தொகை எங்கள் விற்பனையைவிட அதிகம். வரி அலுவலகம் கேட்டால் என்ன சொல்வது?

பதில்: அந்த அறிக்கை கார்டில் தேய்த்த மொத்தத்தைக் காட்டும், அமெரிக்காவின் 1099-கே படிவமும் அப்படித்தான். டிப்ஸும் வரியும் அதில் அடங்கும், கமிஷன் கழிந்திருக்காது. கார்டு விற்பனை, வரி, டிப்ஸ் ஆகிய மூன்றையும் கூட்டி, திருப்பிக் கொடுத்த தொகைகளுக்கும் இடம் விட்டு அந்த மொத்தத்தோடு ஒப்பிடும் ஒரு சரிக்கட்டும் பட்டியலை மாதந்தோறும் தயாரித்து வைத்திருந்தால் போதும்.

கேள்வி: நானும் கடையில் நின்று பரிமாறுகிறேன். கார்டு டிப்ஸில் உரிமையாளருக்கும் ஒரு பங்கு உண்டா?

பதில்: அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின், ஊழியர்களின் டிப்ஸில் முதலாளியோ மேலாளரோ மேற்பார்வையாளரோ பங்கெடுக்க முடியாது, மேலாளர் தாம் நேரடியாகத் தனியே செய்த சேவைக்குத் தமக்கே கிடைத்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிரிட்டனில் கழிவேதுமின்றி முழுத் தொகையும் ஊழியர்களுக்கே சேர வேண்டும். எப்படிப் பங்கிடப்பட்டது என்ற பதிவுகளை மூன்று ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். வேறு நாடுகளில் இருப்பவர்கள், பங்கு எடுப்பதற்கு முன் தங்கள் தொழிலாளர் சட்டத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பங்கீட்டு முறையை எழுதி, ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் வைத்துவிடுவது நல்லது.