நஞ்சு விழாத ஆடும் குறைந்துபோன மூத்திரமும்

வாலிநோக்கம் பக்கத்திலிருந்து ஓர் அக்கா கேட்டது: கொடி ஆடு குட்டி போட்டு மூன்று நாளாகிறது, நஞ்சு (நஞ்சுக்கொடி) முழுசாக விழவில்லை, நல்ல காய்ச்சல் இருந்தது, தெரிந்தவர் ஒருவர் வலி ஊசி போட்டார், இப்போது காது சில்லென்று இருக்கிறது, மூத்திரம் கொஞ்சமாக அடர் மஞ்சளில் போகிறது. கல் அடைப்பா?

அக்கா, முதலில் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்குப் போன் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். கல் அடைப்பு கிடாவுக்கு, அதிலும் காயடித்த கிடாவுக்கு வருவது. பெட்டைக்கு மூத்திரக் குழாய் அகலம், கல் சிக்குவது அபூர்வம். கருப்பையில் அழுகும் நஞ்சிலிருந்து கிருமி ரத்தத்தில் ஏறி சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். காது சில்லிட்டதைக் காய்ச்சல் விட்டதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டின் சூடு 102, 103 டிகிரி பாரன்ஹீட் இருக்கணும், 100க்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்காவிட்டால் ரத்த ஓட்டம் தளர்ந்துவிட்டது.

தண்ணீர் கொடுத்தால் மூத்திரம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். மெல்போர்னில் செம்மறி ஆடுகளின் ரத்தத்தில் உயிருள்ள ஈ.கோலை கிருமியைச் செலுத்திப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. அந்த ஆடுகளின் சிறுநீரகத்துக்குப் போன ரத்தம் குறையவே இல்லை, இரண்டு மடங்குக்கு மேல் கூடியது, அப்படியும் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் ஏறி, மூத்திரம் குறைந்தது. அதாவது ரத்தமும் தண்ணீரும் போய்ச் சேர்ந்தாலும், கிருமி உள்ளே இருக்கும்வரை சிறுநீரகம் கெட்டுக்கொண்டே போகலாம். அதனால் இன்றைக்கே மருத்துவர் கையால் ஆன்டிபயாடிக்கும், நரம்பு வழியாகக் குளுக்கோஸ், சலைனும் ஏறணும். ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் சிறுநீரகத்தைச் சுடும் மருந்து, அதனால் மூத்திரம் குறைந்திருப்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வலி ஊசி இன்னொன்று வேண்டவே வேண்டாம். நீர் வற்றிய ஆட்டுக்கு அதுவே சிறுநீரகத்தை அடித்துவிடும். போட்டது டைக்ளோஃபெனாக் என்றால், பாறு கழுகுகளைக் காக்க 2006லேயே கால்நடைக்குத் தடை செய்த மருந்து அது.

குடிக்கக் கிணற்று உப்புத் தண்ணீர் வைக்காமல், வீட்டுக்குப் பிடிக்கும் நல்ல தண்ணீரையே வையுங்கள். தலை தொங்கிக் கிடந்தால் வாயில் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். நஞ்சைப் பிடித்து இழுக்கவும் கூடாது. விழுந்தால் கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். குட்டியை இப்போதைக்குப் பால் உள்ள வேறு ஆட்டிடம் விடுங்கள்.