ஸ்வீடன் நேட்டோவுல சேர ஏன் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் ஆச்சு? குடியேற்றத்துக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

கேள்விக்குக் கீழயே "பின்லாந்து சீக்கிரம் போயிடுச்சே, ஸ்வீடன் மட்டும் ஏன் மாட்டுச்சு, அங்க இருக்குற நம்மாளுங்களுக்கு இதனால ஏதாவது மாறுச்சா"ன்னும் கேட்டிருக்கீங்க. நான் ஸ்டாக்ஹோம்ல ஷிஸ்தா ஏரியாவுல ஐடி வேலைல குப்பை கொட்டிட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் கிட்ட இருந்து பார்த்த கூத்துதான் இது.

நிறைய பேர் "துருக்கி அதிபர் எர்துவான் அடம் பிடிச்சாரு"ன்னு ஒரே வரில முடிச்சிடுறாங்க. பாதி உண்மை. அவர் பிடிச்சுத் தொங்குறதுக்கு ஒரு கயிறு வேணும்ல, அதைத் திரிச்சுக் கொடுத்தது ஸ்வீடன் பார்லிமென்டோட ஒத்த ஓட்டு கணக்குதான்னு நான் சொல்லுவேன்.

இங்க மொத்தம் 349 எம்பி. பிரதமராகணும்னா மெஜாரிட்டி ஆதரவெல்லாம் வேணாம், எதிர்த்து 175 ஓட்டு விழாம இருந்தா போதும். 2021 நவம்பர்ல மக்டலேனா ஆண்டர்சனுக்கு எதிரா விழுந்தது 174. ஒண்ணு கம்மி. அந்த ஒண்ணு யாருன்னா அமீனே ககபாவே, ஈரான்ல பொறந்த குர்து (துருக்கி, ஈரான், ஈராக், சிரியான்னு சிதறிக் கிடக்குற இனம்) பெண்மணி, சின்ன வயசுல பெஷ்மெர்காங்கிற குர்து ஆயுதப் படையில போராளியா இருந்துட்டு 90கள்ல அகதியா இங்க வந்தவங்க, அப்புறம் இடதுசாரி கட்சி எம்பியாகி அங்கயும் சண்டை போட்டு வெளிய வந்து சுயேச்சையா உட்கார்ந்திருந்தாங்க. அவங்க எதிர்த்து ஓட்டு போடாம இருக்க ஆளுங்கட்சி என்ன எழுதிக் கொடுத்துச்சுன்னா, சிரியாவுல இருக்குற குர்து கட்சியான பிஒய்டியோட உறவை இன்னும் நெருக்கமாக்குவோம்னு. துருக்கியைக் கேட்டா பிஒய்டியும், துருக்கி அரசை எதிர்த்து ஆயுதம் எடுத்த குர்து அமைப்பான பிகேகேவும் ஒண்ணுதான், ரெண்டுமே பயங்கரவாதம்தான். அன்னைக்கு இங்க யாரும் அதைப் பெருசா எடுத்துக்கல, ஏன்னா நேட்டோ ராணுவக் கூட்டணில சேர்ற பேச்சே கிடையாது, 200 வருஷமா எந்தப் போர்லயும் இல்லாத நாடு.

2022 பிப்ரவரில ரஷ்யா உக்ரைனுக்குள்ள புகுந்தப்புறமும் மார்ச்ல ஆண்டர்சன் "இப்ப அப்ளை பண்ணா நிலைமை இன்னும் மோசமாகும்"ங்கிற மாதிரிதான் பேசிட்டு இருந்தாங்க. மே 18ஆம் தேதி பார்த்தா பின்லாந்தோட சேர்ந்து விண்ணப்பம் கொடுத்தாச்சு! நேட்டோவுல ஏற்கனவே இருக்குற ஒவ்வொரு நாடும் சரின்னு சொன்னாதான் உள்ள போக முடியும், பெரிய பெரிய நாடெல்லாம் தலையாட்டியும் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கலங்கிற கதையா துருக்கி நடுவுல நின்னுச்சு.

இதுல செம காமெடி என்னன்னா, விண்ணப்பம் போட்ட மூணே வாரத்துல, ஜூன் 7, நீதித்துறை அமைச்சர் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம் வருது, அவர் போனா நாங்க எல்லாரும் ராஜினாமான்னு ஆண்டர்சன் சொல்லிட்டாங்க, தீர்மானத்துக்கு விழுந்த ஓட்டு மறுபடியும் 174! மறுபடியும் ககபாவே அரசைக் கவிழ்க்கல, மறுபடியும் அந்த குர்து ஒப்பந்தம் அப்படியே இருக்குன்னு உத்தரவாதம். ஒரு கையால எர்துவானை சமாதானம் பண்ணிக்கிட்டே இன்னொரு கையால அவருக்குப் பிடிக்காத பேப்பரை புதுப்பிக்கிறாங்க. அந்த மாசக் கடைசில மாட்ரிட்ல துருக்கியோட ஒரு உடன்பாடு போட்டாங்க, ஆனா சந்தேகம் போகவே இல்ல.

அடுத்து செப்டம்பர் தேர்தல். இங்க ஒரு விஷயம் பின்னாடி போய் சொல்லணும். 2015ல மட்டும் கிட்டத்தட்ட 1,63,000 பேர் இங்க தஞ்சம் கேட்டு வந்தாங்க, ஒரு கோடிக்கும் கொஞ்சம் கம்மியான ஜனத்தொகை இருந்த நாட்டுல. அந்த நவம்பர்ல கதவை சாத்தப் போறோம்னு அறிவிக்கும்போது துணைப் பிரதமர் பிரஸ் மீட்லயே அழுதுட்டாங்க. குடியேற்ற எதிர்ப்பை மட்டுமே வெச்சு வளர்ந்த ஸ்வீடன் டெமாக்ரட்ஸ் கட்சி 2010ல 5.7 சதவீதம், 2022ல 20.5. வலதுசாரி அணிக்கு மொத்தம் 176 சீட், அதுல 73 இவங்களோடது. மந்திரி பதவி இல்ல, ஆனா இவங்க இல்லாம புதுசா பிரதமரான கிறிஸ்டர்சன் ஒரு நாள் ஆட்சி நடத்த முடியாத நிலைமை. அதாவது ஒரு குர்து அகதியோட தயவுல இருந்த நாடு, அகதியே வேணாம்னு சொல்றவங்களோட தயவுக்கு வந்துச்சு.

துருக்கிக்கு இது சந்தோஷமா இருந்திருக்கும்னு நினைப்பீங்க. இல்லவே இல்ல. 2023 ஜனவரி 21 சனிக்கிழமை, பலூடான்னு ஒரு டென்மார்க் தீவிர வலதுசாரி ஆளு (அவருக்கு ஸ்வீடன் குடியுரிமையும் உண்டு) துருக்கி தூதரகம் பக்கத்துல குர்ஆனை எரிச்சாரு. போலீஸ் அனுமதியோட, பாதுகாப்போட! அனுமதிக் கட்டணம் 320 ஸ்வீடன் குரோனர், நம்ம பேமிலியா ஒரு தடவை பீட்சா சாப்பிடுற காசு. அவ்வளவுதான், ஸ்வீடன் பாதுகாப்பு அமைச்சரோட அங்காரா பயணத்தை துருக்கி ரத்து பண்ணிடுச்சு, எங்க ஆதரவை எதிர்பார்க்காதீங்கன்னு எர்துவான் சொல்லிட்டாரு. மே மாசம் அவருக்கும் தேர்தல், அவருக்கு இதைவிட நல்ல பிரச்சார மேட்டர் கிடைக்குமா?

போலீஸ் ஏன் தடுக்கலன்னு எல்லாரும் கேட்பாங்க. யார் மனசு புண்படும்னு பார்த்து இங்க கூட்டத்துக்கு அனுமதி மறுக்க முடியாது, அந்த இடத்துல அந்த நேரத்துல அசம்பாவிதம் நடக்குமான்னுதான் பார்க்கலாம். பிப்ரவரில ரெண்டு விண்ணப்பத்தை போலீஸ் தள்ளுபடி பண்ணி பார்த்தாங்க, கோர்ட் அது தப்புன்னு சொல்லிடுச்சு. ஜூன்ல பக்ரீத் அன்னைக்கு பெரிய மசூதி முன்னாடி மறுபடி எரிஞ்சது, இந்தத் தடவை எரிச்சவரே ஈராக்ல இருந்து வந்த அகதி, சல்வான் மோமிகா. அடுத்த மாசம் பாக்தாத்ல ஸ்வீடன் தூதரகத்துக்கு தீ வெச்சாங்க. (மோமிகாவை 2025 ஜனவரில சுட்டுக் கொன்னுட்டாங்க.)

பிரதமர் கிறிஸ்டர்சன் பாடுதான் பாவம். வெளிய போய் நாங்க இஸ்லாமுக்கு எதிரி இல்லன்னு சொல்லணும், உள்ள அவர் நாற்காலியைத் தாங்கி நிக்கிற கட்சியோட தலைவர் ஓகெசன் 2023 நவம்பர்ல மாநாட்டு மேடையில மசூதிகளை இடிக்கணும்னு பேசுறாரு, துருக்கி பார்லிமென்ட் இன்னும் ஓட்டே போடாத நேரத்துல! பின்லாந்துக்கு இந்த தலைவலி எதுவும் இல்ல, அவங்க 2023 ஏப்ரல் 4 அன்னைக்கே உள்ள போயிட்டாங்க.

கடைசில எப்படி முடிஞ்சதுன்னா, வழக்கம்போல பேரத்துல. 2024 ஜனவரி 23 துருக்கி பார்லிமென்ட் ஓகே சொல்லுது, அதே வாரத்துல துருக்கிக்கு எஃப்-16 போர் விமானம் விக்கிற 2300 கோடி டாலர் டீலுக்கு அமெரிக்கா தலையாட்டுது. ஹங்கேரி தனியா இழுத்தடிச்சுட்டு, ஸ்வீடன் தயாரிக்கிற நாலு கிரிபென் போர் விமானத்துக்கு ஒப்பந்தம் பேசின மூணாவது நாள் ஓட்டு போட்டுச்சு. மார்ச் 7 அன்னைக்கு ஸ்வீடன் 32வது உறுப்பினர். குர்து மக்கள் இங்க ஒரு லட்சம் பேர் இருப்பாங்கன்னு சொல்வாங்க, என் டீம்லயும் ஒருத்தர் இருக்காரு, அன்னைக்கு ஆபீஸ்ல கேக் வெட்டினப்ப அவர் மட்டும் போன் பேசுற மாதிரி வெளிய போயிட்டாரு.

நம்மாளுங்களுக்கு என்ன மாறுச்சுன்னா, நேட்டோவால ஒண்ணும் இல்ல. ஆனா அதே 2022 ஆட்சி மாற்றத்தால நிறைய. ஒர்க் பெர்மிட்டுக்கு குறைஞ்சபட்ச சம்பளம் 13,000 குரோனரா இருந்தத 2023 நவம்பர்ல ஒரே அடியா 27,360 ஆக்கிட்டாங்க. ஐடி ஆளுங்களுக்கு வலிக்கல, ஹோட்டல் கிச்சன்லயும் கிளீனிங்லயும் இருந்தவங்களுக்குத்தான் அடி. இங்க வர்ற ஐடியா இருந்தா ஆஃபர் லெட்டர்ல மாச சம்பளம் எவ்வளவு போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க, அதுக்கப்புறமா சித்தப்பா ரெஸ்டாரன்ட்ல வேலை இருக்குன்னு சொல்ற ஆளை நம்புங்க.