சம்மன் என்றால் அபராதமா, அழைப்பா?

கேள்வி: “தமிழ்நாட்டுச் செய்திகளில் ‘விசாரணைக்கு வரச் சொல்லி சம்மன் அனுப்பினார்கள்’ என்கிறார்கள். நாம் மலேசியாவில் ‘சம்மன் கட்டினேன்’ என்கிறோம். இரண்டும் ஒரே சொல்தானா?”

ஒரே சொல்தான். அதன் பொருள் ‘வா’ என்ற கட்டளை. பணம் என்ற பொருள் நம் ஊரில் வந்து ஒட்டிக்கொண்டது.

பினாங்கில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் பல வருடமாகக் கிராணியாக இருக்கிறேன். லெபோ லைட் நீதிமன்றத்துக்கு ஃபைல் தூக்கிக்கொண்டு போய் வருவதுதான் பாதி வேலை. இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன், என் தாய்மாமா உட்பட. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலத்தில் இது ‘சம்மன்ஸ்’. கடைசியில் உள்ள ‘ஸ்’ பன்மை இல்லை; ஒரே ஒரு தாளாக இருந்தாலும் சம்மன்ஸ்தான். தமிழ் அந்த ‘ஸ்’ஸை விட்டுவிட்டு ‘சம்மன்’ ஆக்கிக்கொண்டது, மலாய் ‘சமன்’ ஆக்கிக்கொண்டது. தமிழில் இதற்கு அழைப்பாணை என்ற சொல் இருக்கிறது. அழைப்பும் உண்டு, ஆணையும் உண்டு. பொருள் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும் நல்ல சொல் அது.

சரி, பணம் எப்படி வந்தது? சாலையில் போக்குவரத்துப் போலீஸ் எழுதித் தரும் தாளை, போல் 170ஏ என்று அச்சிட்டிருக்குமே அதை, ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டம், இன்ன தேதியில் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு வா என்று ஓட்டுநரிடம் நேரடியாக நோட்டீஸ் கொடுக்கப் போலீசுக்கு அதிகாரம் தருகிறது. நீதிமன்றம் போகாமல் ஒரு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளவும் அதே சட்டம் வழி விடுகிறது. அந்தத் தொகைக்குப் பெயர் கொம்பாவுன். பெரும்பாலோர் கட்டிவிடுவதால் ‘வா’ மறந்துபோய் ‘கட்டு’ மட்டும் நம் வாயில் நின்றுவிட்டது. பார்க்கிங்குக்காக நகராண்மைக் கழகம் கண்ணாடியில் செருகிவிட்டுப் போகும் கொம்பாவுனையும் சம்மன் என்றுதான் சொல்கிறோம்.

கொம்பாவுனும் அபராதமும்கூட ஒன்றில்லை. அபராதம் என்பது குற்றவாளி என்று முடிவான பிறகு நீதிமன்றம் விதிப்பது. கொம்பாவுன் கட்டிவிட்டால் அந்தக் குற்றத்துக்கு வழக்கே கிடையாது. நியாயம் உங்கள் பக்கம் என்று நினைத்தால், கட்டாமல் அந்தத் தேதியில் நீதிமன்றம் போய் விசாரணை கேட்கலாம். கட்டவும் இல்லை, போகவும் இல்லை என்றால் கைது வாரண்டு வரை போகும்.

ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் மாமாவுக்கு நடந்தது வேறு வகை. மலாயில் சமன் என்பது ‘வழக்குப் போடு’ என்றும் பொருள்படும். மானநஷ்ட வழக்குக்கு ‘சமன் மாலு’ என்பார்கள், கேட்டிருப்பீர்கள். சிவில் வழக்கைத் தொடங்கும் தாளுக்குப் பெயர் ‘ரிட் சமன்’. மாமா ஒரு நண்பருக்கு மோட்டார் சைக்கிள் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். நண்பர் கட்டவில்லை. பதிவுத் தபாலில் ரிட் சமன் வந்தது. மாமா ‘சமன்’ என்ற சொல்லை மட்டும் படித்துவிட்டு, பழைய போலீஸ் சம்மன்களோடு சேர்த்து முருகன் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டார். போலீஸ் கொம்பாவுனுக்கு டிஸ்கவுண்ட் அறிவிக்கும்போது மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நாற்பது வருடமாக அந்தச் சொல்லுக்கு அவர் அறிந்த பொருள் அது ஒன்றுதானே?

ரிட் கையில் கிடைத்த 14 நாளுக்குள் ‘வழக்கை எதிர்கொள்கிறேன்’ என்று நீதிமன்றத்தில் பதிய வேண்டும். அதற்கு ஒரு படிவம் இருக்கிறது, வக்கீலே தாக்கல் செய்துவிடுவார். பதியாவிட்டால், எதிர்த்தரப்பு கேட்டு, விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வாங்கிவிடலாம். மாமாவுக்கு அதுதான் நடந்தது. தீர்ப்பின் நகல் வந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார். அப்படிப்பட்ட தீர்ப்பை நீக்கக் கேட்டு 30 நாளுக்குள் மனுப் போடலாம். ஆனால் சொல்வதற்கு வலுவான காரணம் வேண்டும். கையெழுத்து அவருடையதுதான், கடனும் உண்மைதான். கடைசியில் பேசி மாதத் தவணைக்கு வந்தோம். 14 நாளுக்குள் சொல்லியிருந்தால், வட்டியும் செலவும் ஏறும் முன்பே பேசியிருக்கலாம்.

பேச்சில் ‘சம்மன் கட்டினேன்’ என்பதை நான் திருத்தப் போவதில்லை, எல்லாருக்கும் புரிகிறது. ஆனால் வரும் தாளில் மூன்று விஷயம் பாருங்கள்: அனுப்பியது யார், நீதிமன்றத்தின் பெயரும் வழக்கு எண்ணும் இருக்கிறதா, தேதி அல்லது நாள் கணக்கு ஏதாவது போட்டிருக்கிறதா. வழக்கு எண் இருந்தால் அன்றைக்கே ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். கைக்குக் கிடைத்த தேதியை உறையின்மேல் எழுதி வையுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.