பழைய எம்ஜிபி காருக்கு எந்த ஸ்பிரிங் பொருந்தும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓடும் தங்கள் 1972 எம்ஜிபியின் (பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) பின்பக்கம் தாழ்ந்துவிட்டதாகவும், கடினமான ஸ்போர்ட்ஸ் ஸ்பிரிங் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போட வேண்டாம் என்பதே என் கருத்து.

முதலில் சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரையிலான உயரத்தை இருபுறமும் அளந்து பாருங்கள்; தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். இந்தக் காருக்கு முன்னால் சுருள் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். வாங்கும்போது தயாரிப்பு ஆண்டைச் சொல்லியே கேளுங்கள். ஏனெனில் 1974-இன் பிற்பகுதியில் ரப்பர் பம்பர் வந்தபோது காரின் உயரம் கூட்டப்பட்டது, அந்தப் பிந்தைய கார்களின் ஸ்பிரிங் தங்கள் காரை அநாவசியமாக உயர்த்திவிடும்.

முன்பக்கச் சுருள் ஸ்பிரிங்கின் கடினம் கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கை (விட்டத்தை நான்கு முறை தன்னோடு பெருக்கி வரும் மதிப்பை)ப் பொறுத்தது; மற்ற அளவுகள் மாறாமல் கம்பி மட்டும் 10 சதவீதம் தடித்தால் கடினம் ஏறக்குறைய 46 சதவீதம் கூடும். பழைய ஷாக் அப்சார்பரால் அதை அடக்க முடியாது, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதித் தெருக்களின் வேகத்தடைகளோ இரக்கம் காட்டா. உயரத்தைக் குறைக்கச் சுருளை வெட்டும் வழக்கமும் (எங்கள் இளைஞர்களுக்கு இதில் தனி மோகம்) ஸ்பிரிங்கை மேலும் கடினமாக்கவே செய்யும்.

ஆகவே அசல் அளவிலான பட்டை ஸ்பிரிங்கை இருபுறத்துக்கும் ஜோடியாகவே வாங்குங்கள். கடற்காற்றின் உப்பு துருவேற்றும் ஊர் என்பதால் யூ-போல்ட்டுகளையும் (ஸ்பிரிங்கை அச்சோடு பிணைப்பவை) புஷ்களையும் (ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் உறைகள்) கூடவே மாற்றிவிட்டு, கார் தன் முழு எடையோடு சக்கரங்களில் நின்ற பிறகே புஷ் போல்ட்டுகளை இறுக்குங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கேறி விரைவில் கிழிந்துவிடும்.