பழைய பதிப்பை அழிக்காத சமானத் தொடர்பு: கேள்வி பதில்

கேள்வி: "நிலைத்த சமானத் தொடர்பு" என்றால் அதை வட்டில் சேமித்து வைப்பது என்று பொருளா?

பதில்: இல்லை. வட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. சமானத் தொடர்பு என்பது எந்தெந்த உறுப்புகள் ஒன்றுக்கொன்று சமம் என்று சொல்லி, அவற்றைக் குழுக்களாகப் பிரிப்பது. ஒரு தரவமைப்பை மாற்றிய பிறகும் மாற்றத்திற்கு முந்தைய பதிப்பு அப்படியே பயன்படுத்தத்தக்கதாக இருந்தால் அதை நிலைத்த தரவமைப்பு என்கிறோம். 1, 2, 3, 4 என்னும் நான்கு உறுப்புகளும் தனித்தனியே நிற்கும் தொடர்பு 'அ' என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 1, 2 இரண்டையும் சமமாக்கினால் 'ஆ' கிடைக்கிறது. 'ஆ'விலிருந்து 3, 4 இரண்டையும் சமமாக்கி 'இ'யையும், அதே 'ஆ'விலிருந்து 1, 3 இரண்டையும் சமமாக்கி 'ஈ'யையும் பெறலாம். இந்த நான்கு தொடர்புகளும் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க வேண்டும். 'இ'யைக் கேட்டால் 1-உம் 3-உம் வேறு, 'ஈ'யைக் கேட்டால் இரண்டும் ஒன்று. பின்வாங்கித் தேடும் நிரல்களுக்கும், தானியங்கி நிறுவல் கருவிகளுக்கும், நிரலில் உள்ளவற்றின் வகையைத் தானே கண்டறியும் வகை ஊகிப்புக்கும் இந்தப் பண்பே தேவைப்படுகிறது.

கேள்வி: தற்சுட்டு (எதுவும் தனக்குத்தானே சமம்), சமச்சீர் (க=ச எனில் ச=க), கடப்பு (க=ச, ச=ட எனில் க=ட) ஆகிய மூன்று பண்புகளையும் நிரல் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பிரதிநிதியைக் கண்டுபிடித்து, இரண்டு பிரதிநிதிகளும் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். மூன்று பண்புகளும் தாமாகவே வந்துவிடும். 1964-இல் கேலரும் ஃபிஷரும் முன்வைத்த யூனியன்-ஃபைண்ட் (இணைத்தல்-தேடல்) முறையின் அடிப்படை இதுதான்: ஒவ்வொரு உறுப்பும் தன் தாய் உறுப்பைச் சுட்டுகிறது, தாய் இல்லாத வேரே பிரதிநிதி.

கேள்வி: ஹாஸ்கெல் என்னும் நிரல்மொழியில் மாற்றத்தக்க அரே எதுவும் இல்லாமல் இதை எப்படி எழுதுவது?

பதில்: சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஒரு மேப் போதும். அதில் ஒவ்வொரு உறுப்புக்கும் "என் தாய் இன்னார்" அல்லது "நான் வேர், என் ரேங்க் இவ்வளவு" என்ற இரண்டில் ஒன்று பதிவாகும். ரேங்க் என்பது அந்த வேரின் கீழுள்ள மரம் எவ்வளவு உயரம் வரை இருக்கலாம் என்பதைக் காட்டும் எண். மேப்பில் பெயரே இல்லாத உறுப்பை, ரேங்க் 0 உள்ள வேராகக் கருதுங்கள். இந்தச் சிறு முடிவால் பெரிய நன்மை உண்டு: உறுப்புகளின் மொத்தப் பட்டியலை முன்கூட்டியே தர வேண்டியதில்லை, வெற்று மேப்பே "எல்லாரும் தனித்தனி" என்னும் தொடர்பாகிவிடும். இணைக்கும்போது ரேங்க் குறைந்த வேரை ரேங்க் கூடிய வேரின் கீழ் வையுங்கள்; இரண்டும் சமமாக இருந்தால் மட்டும் மேலே இருக்கும் வேரின் ரேங்கை 1 கூட்டுங்கள்.

உறுப்புகள் முழு எண்களாக இருந்தால் முழு எண் சாவிகளுக்கென்றே உள்ள இன்ட்மேப்பைப் பயன்படுத்துங்கள். ஒப்பிட்டு வரிசைப்படுத்த முடியாத வகையாக இருந்தால் முதலில் அவற்றுக்கு எண் கொடுத்துவிடுவதே நல்லது.

கேள்வி: பாதைச் சுருக்கம் (தேடிப் போகும் வழியில் உள்ள உறுப்புகளை நேரே வேரைச் சுட்டவைப்பது) இல்லாவிட்டால் மெதுவாகிவிடாதா? பாடத்தில் அது கட்டாயம் என்று படித்தேன்.

பதில்: அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான். ரேங்க் பார்த்து இணைத்தாலே, உயரம் உ உள்ள மரத்தில் குறைந்தது 2-இன் உ அடுக்கு அளவுக்கு உறுப்புகள் இருந்தாக வேண்டும். எனவே 10 லட்சம் உறுப்புகள் இருந்தாலும் எந்த உறுப்பிலிருந்தும் வேருக்கு 19 படிகளுக்கு மேல் போக முடியாது. இது ஒவ்வொரு முறைக்கும் உறுதியான வரம்பு.

பாதைச் சுருக்கத்தைச் சேர்த்து, 1975-இல் டார்ஜன் நிறுவிய அக்கர்மன் எதிர்மாறு (மிக மிக மெதுவாக வளரும் ஒரு சார்பு) வரம்போ பல செயல்களுக்குப் பங்கிட்டுக் கணக்கிடும் வரம்பு. செலவான ஒரு தேடல், அடுத்து வரும் தேடல்களை மலிவாக்கும் என்ற நம்பிக்கையின் மேல் அந்தக் கணக்கு நிற்கிறது. நிலைத்த அமைப்பில் ஒருவர் சுருக்கப்படாத பழைய பதிப்பையே கையில் வைத்துக்கொண்டு, அதன் மேல் அதே செலவான தேடலை ஆயிரம் முறை செய்யலாம். சுருக்கிய புதிய பதிப்பை ஒவ்வொரு முறையும் தூக்கி எறிந்துவிட்டால் ஆயிரம் முறையும் முழுச் செலவுதான். ஆகவே ரேங்கைக் கைவிட்டுச் சுருக்கத்தை மட்டும் நம்புவது இங்கே பிழையான தேர்வு என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அப்படியானால் சுருக்கத்தை முற்றிலும் விட்டுவிடலாமா?

பதில்: இணைக்கும் சார்பில் மட்டும் செய்யுங்கள். அது எப்படியும் புதிய பதிப்பைத் திருப்பித் தருகிறது, எனவே போகிற வழியில் சுருக்கியும் தரலாம். தேடும் சார்பு பிரதிநிதியோடு புதிய தொடர்பையும் சோடியாகத் திருப்பித் தந்தால், "1-உம் 3-உம் சமமா?" என்று கேட்பவர்கூடத் தொடர்பைக் கையில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருக்கும், நிரல் முழுவதும் அந்தச் சுமை பரவிவிடும்.

கேள்வி: ஓகேமல் என்னும் நிரல்மொழியில் அரேயைக் கொண்டே நிலைத்த யூனியன்-ஃபைண்ட் செய்யலாம் என்கிறார்களே?

பதில்: செய்யலாம், அழகான உத்தி அது. கோன்ஷோனும் ஃபிலியாத்ரும் 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் அதை விளக்கி, சரியானது என்பதற்கு காக் என்னும் நிறுவல் சரிபார்ப்புக் கருவியில் நிறுவலும் தந்தார்கள். அடிப்படை, பேக்கர் என்பவரின் நிலைத்த அரே. கடைசியாகத் தொடப்பட்ட பதிப்பிடம் மட்டுமே உண்மையான அரே இருக்கும்; மற்ற பதிப்புகளிடம் "2-ஆம் இடத்தில் என் மதிப்பு இது, மற்றதெல்லாம் அவரிடம் இருப்பதுபோல்" என்ற வேறுபாட்டுக் குறிப்பு மட்டும் இருக்கும். பழைய பதிப்பைக் கேட்டவுடன் குறிப்புச் சங்கிலி திருப்பப்பட்டு, அரே அதன் கைக்கு வந்துவிடும். தேடலில் கிடைத்த சுருக்கத்தையும் அவர்கள் அதே பதிப்புக்குள் மறைவாக எழுதிவிடுகிறார்கள். விடைகள் மாறாததால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தூய அமைப்பாகவே தெரியும்.

பின்வாங்கித் தேடுவதற்கு இது மிகப் பொருத்தம், ஏனெனில் அங்கே அருகிலுள்ள பதிப்புக்கே திரும்புகிறோம். ஆனால் 10,000 மாற்றங்கள் தள்ளியிருக்கும் இரண்டு பதிப்புகளை மாறி மாறிக் கேட்டால், ஒவ்வொரு கேள்விக்கும் 10,000 குறிப்புகள் திருப்பப்படும். இன்னொன்று, ஒருங்கே ஓடும் இரண்டு நிரல் இழைகள் ஒரே நேரத்தில் தொட்டால் பூட்டு வேண்டும். பூட்டில்லாமல் நான் ஒருமுறை எழுதிய நிரல் எப்போதாவது மட்டும் தவறான விடை தந்தது. காரணத்தைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கேள்வி: ஒரு வகுப்பின், அதாவது ஒன்றுக்கொன்று சமமான ஒரு குழுவின், உறுப்புகள் அனைத்தையும் பட்டியலிட வேண்டும் என்றால்?

பதில்: வேரோடு உறுப்புகளையும் ஒரு மரமாக வைத்திருங்கள்: ஒற்றை உறுப்பு ஓர் இலை, இணைப்பு என்பது இரண்டு மரங்களையும் சுட்டும் ஒரு புதிய முடிச்சு. இணைப்புக்கு நிலையான நேரமே ஆகும்.

கேள்வி: இரண்டு சமானத் தொடர்புகள் ஒன்றா என்று மேப்புகளை நேராக ஒப்பிட்டால் தவறான விடை வருகிறது.

பதில்: வரத்தான் செய்யும். ஒருவர் 1-ஐ வேராக்கியிருப்பார், இன்னொருவர் 2-ஐ வேராக்கியிருப்பார். ஒவ்வொரு வகுப்புக்கும் அதன் மிகச் சிறிய உறுப்பைப் பெயராக வைத்துப் பிறகு ஒப்பிடுங்கள். இரண்டு தொடர்புகளின் வெட்டு (இரண்டிலுமே சமமாக இருப்பவை மட்டும் சமம்) வேண்டுமென்றால், ஒவ்வோர் உறுப்பும் இரண்டிலும் பெறும் பிரதிநிதிகளின் சோடியைச் சாவியாக வைத்துக் குழுவாக்கினால் போதும்.

கேள்வி: நடுவில் சேர்த்த ஒரு சமன்பாட்டை மட்டும் திரும்பப் பெற முடியுமா?

பதில்: நேரடியாக முடியாது. 1=2, 2=3, 1=3 என்று வரிசையாகச் சேர்த்தால், மூன்றாவது வரும்போது பிரதிநிதி ஏற்கெனவே ஒன்றாக இருப்பதால் அமைப்பு அதைப் பதியாமலே விட்டுவிடும். பிறகு 2=3 என்பதை நீக்கினால் 1=3 எஞ்ச வேண்டும்; ஆனால் அதன் சுவடே அமைப்பில் இல்லை. எனவே சமன்பாடுகளின் பட்டியலையும், ஒவ்வொன்றுக்கும் முந்தைய பதிப்பையும் தனியே வைத்திருங்கள். நீக்க வேண்டியதற்கு முந்தைய பதிப்பை எடுத்து, அதற்குப் பின் வந்தவற்றை மட்டும் மீண்டும் சேர்த்தால் சரியான தொடர்பு கிடைத்துவிடும்.